வீடியோ அனுப்பினால் வகுப்பு மாறிவிடுமா?

கல்லூரி ஆசிரியர்களின் கோர்ஸ் ஃபைலில் இப்போது ஒரு பக்கம் கட்டாயமாகிவிட்டது. ‘புதுமையான கற்பித்தல் முறை’ என்ற தலைப்பில், செமஸ்டருக்கு ஒரு முறையாவது ‘ஃபிளிப்டு கிளாஸ்ரூம்’ நடத்தியதாக அதில் எழுத வேண்டும். தேதி, பாடத் தலைப்பு, வருகைப் பதிவு, இரண்டு புகைப்படங்கள் எல்லாம் இருக்க வேண்டும். தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வந்தால் காட்டுவதற்கு! பல கல்லூரிகளில் இது எப்படி நடக்கிறது என்பது ஆசிரியர்களுக்கும் தெரியும், மாணவர்களுக்கும் தெரியும். முதல் நாள் இரவு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு யூடியூப் இணைப்பு போகும். மறுநாள் நான்கு பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் பவர்பாயின்ட் காட்டுவார்கள். படம் எடுத்தாயிற்று. அதற்கு அடுத்த நாள் ஆசிரியர் அதே பாடத்தை முதலிலிருந்து கரும்பலகையில் நடத்துவார். போர்ஷன் முடிய வேண்டாமா?

இந்தச் சடங்கைப் பார்த்துவிட்டு, ‘ஃபிளிப்டு கிளாஸ்ரூம்’ எனப்படும் தலைகீழ் வகுப்பு என்ற யோசனையே வெற்று ஆர்ப்பாட்டம் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். அது அவசர முடிவு. யோசனை எளிமையானது. ஒரு பாடத்தின் அடிப்படைத் தகவல்களை மாணவர் வகுப்புக்கு முன்பே படித்தோ பார்த்தோ வந்துவிட வேண்டும். தனியே வீட்டில் திணறிச் செய்யும் கணக்கு, விவாதம், பயிற்சி ஆகியவற்றை ஆசிரியரும் சக மாணவர்களும் பக்கத்தில் இருக்கும்போது வகுப்பில் செய்ய வேண்டும். ஆக, விரிவுரை வெளியேறியதால் காலியான ஒரு மணி நேரம்தான் இந்த முறையின் உயிர். நாமோ விரிவுரை எந்த வழியாக வெளியேறியது என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கேமரா, ஸ்டுடியோ, எல்எம்எஸ் மென்பொருள் என்று செலவுப் பட்டியல் நீள்கிறது. கால அட்டவணையும் கேள்வித்தாளும் அப்படியே இருக்கின்றன. அந்த இரண்டையும் தொடாமல் செய்யும் எந்த மாற்றமும் மாணவர் தலையில் கூடுதல் சுமையாகத்தான் இறங்கும் என்பது என் வாதம்.

ஹார்வர்டில் ஒரு சங்கடம்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசூர் 1984இல் அங்கு கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்களிடம் நல்ல பெயர். தேர்விலும் அவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டுவிடுவார்கள். 1990 வாக்கில், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹலூன், ஹெஸ்டனிஸ் ஆகிய இருவர் உருவாக்கிய ஒரு சோதனையைப் பற்றி அவர் படித்தார். அதில் கணக்கே கிடையாது. ஒரு கனரக லாரியும் ஒரு சிறிய காரும் மோதிக்கொள்கின்றன. எது எதன்மீது அதிக விசையைச் செலுத்துகிறது என்பது மாதிரியான சாதாரணக் கேள்விகள். நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிக்கத் தெரிந்த எவரும் இரண்டும் சமம் என்று சொல்லிவிட வேண்டும். ஆனால், இயற்பியல் படித்து முடித்த பிறகும் பெரும்பாலோர் லாரி என்றே சொல்கிறார்கள் என்றது அந்த ஆய்வு. நம் மாணவர்கள் அப்படி இல்லை என்ற நம்பிக்கையோடு மாசூர் தம் வகுப்பில் அதைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் கற்றுத்தந்தபடி எழுதவா, நான் வழக்கமாக யோசிக்கிறபடி எழுதவா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே முடிவு தெரிந்துவிட்டது.

அடுத்து அவர் தேர்வில் ஒரே தலைப்பில் இரண்டு கேள்விகளை அருகருகே வைத்துப் பார்த்தார். ஒன்று கிர்ச்சாஃப் விதிகளைக் கொண்டு இரட்டை வளைய மின்சுற்றைத் தீர்க்கும் வழக்கமான கணக்கு. மற்றொன்று, மூன்று பல்புகளும் ஒரு சுவிட்சும் உள்ள எளிய சுற்று. சுவிட்சைப் போட்டால் எந்த பல்பு பிரகாசமாகும், எது மங்கும் என்று சொன்னால் போதும். கணக்கைப் போட்டவர்களில் பலர் பல்பில் விழுந்தார்கள். சமன்பாட்டை எழுதும் பழக்கம் வேறு, மின்சாரம் என்ன செய்கிறது என்று தெரிவது வேறு என்று எண்களே காட்டிவிட்டன. நம் ஊர் பொறியியல் வகுப்புகளில் இந்தச் சோதனையை வைத்தால் என்ன வரும் என்று ஊகிக்க நுண்ணறிவு ஒன்றும் தேவையில்லை.

மாசூர் இதற்குக் கண்ட வழி பிறகு ‘பியர் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்ற பெயரில் பரவியது. 1997இல் அதே பெயரில் புத்தகமும் எழுதினார். மாணவர் பாடநூலைப் படித்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் ஆசிரியர் சில நிமிடம் பேசிவிட்டு ஒரு கேள்வியைத் திரையிடுவார். ஒவ்வொருவரும் தனியே யோசித்து ஒரு விடைக்கு வாக்களிப்பார்கள். ஏறக்குறைய எல்லோரும் சரியாகச் சொல்லிவிட்டால் அடுத்த தலைப்பு. மிகச் சிலரே சரியென்றால் ஆசிரியர் மறுபடி விளக்குவார். முப்பதிலிருந்து எழுபது சதவீதத்துக்குள் இருந்தால்தான் சுவாரசியம்: வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரை இணங்க வைக்கப் பாருங்கள் என்று விட்டுவிடுவார். அரங்கமே இரைச்சலாகிவிடும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறு வாக்கெடுப்பு. சரியான விடை பெரும்பாலும் கூடியிருக்கும். நேற்றுதான் அந்தக் குழப்பத்திலிருந்து வெளியேறிய ஒரு மாணவருக்கு, பக்கத்தில் இருப்பவர் எங்கே தடுக்கி நிற்கிறார் என்று தெரிகிறது. முப்பது வருடமாக அந்தப் பாடத்தோடு வாழும் பேராசிரியருக்கு அது மறந்துபோயிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: எங்குமே வீடியோ இல்லை. பாடநூல்தான். வாக்களிக்கவும் விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. கியூபெக்கில் உள்ள ஒரு கல்லூரியில் மின்னணுக் கிளிக்கரையும் வெறும் அட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து 2008இல் வெளிவந்த ஆய்வில், கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நான்கு வண்ண அட்டைகள் போதும். ஸ்மார்ட் போர்டு விற்க வருகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு வாரச் சோதனை

இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை. 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் அதன் பின்னணியில் இருந்தார். பொறியியல் முதலாண்டு இயற்பியலில் இரண்டு பிரிவுகள்; ஒவ்வொன்றிலும் 260க்கும் மேற்பட்டோர். பதினோரு வாரம் இரண்டு பிரிவுகளும் வழக்கமான விரிவுரையில்தான் போயின. பன்னிரண்டாவது வாரத்தில், ஒரு பிரிவை அனுபவமும் நல்ல மதிப்பீடும் உள்ள பேராசிரியரே தொடர்ந்து நடத்தினார். மற்றொன்றை அனுபவம் குறைந்த ஒரு முனைவர் பட்ட மேலாய்வாளரிடம் கொடுத்தார்கள். அவர் விரிவுரையே செய்யவில்லை. மாணவர்கள் மூன்று நான்கு பக்கம் படித்துவிட்டு, ஒரு சிறு சரி-தவறு தேர்வு எழுதிவிட்டு வந்தார்கள். வகுப்பு முழுக்கக் கேள்விகள், குழு விவாதம், வாக்களிப்பு, ஆசிரியரின் பதில். வார இறுதியில் இரண்டு பிரிவுக்கும் ஒரே தேர்வு. விரிவுரைப் பிரிவின் சராசரி 41 சதவீதம். மற்றப் பிரிவு 74 சதவீதம். வகுப்புக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையும் இரண்டாவது பிரிவில்தான் கூடியது.

ஒரு வாரம்தானே, புதுமையின் கவர்ச்சியாக இருக்கலாமே என்று கேட்கலாம். அந்தச் சந்தேகம் நியாயமானது. அதனால்தான் பெரிய தொகுப்புகள் தேவை. ரிச்சர்ட் ஹேக் 1998இல் 62 இயற்பியல் பாடங்களில் 6,542 மாணவர்களின் முன்-பின் தேர்வுகளைத் தொகுத்தார். மாணவர் இன்னும் கற்க வேண்டியிருந்ததில் எவ்வளவு பங்கைக் கற்றார் என்பது அவருடைய அளவுகோல். மரபான விரிவுரையில் அது 0.23, மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் சராசரி 0.48. ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தோல்வி விகிதம் விரிவுரையில் 33.8 சதவீதமும் செயல்வழி வகுப்பில் 21.8 சதவீதமும் என்று வந்தது. அரியர் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இந்தப் பன்னிரண்டு சதவீதப் புள்ளிகளின் எடை தெரியும்.

ஆனால், இவையெல்லாம் மாணவர் பங்கேற்பின் வெற்றிகள். வீடியோவின் வெற்றிகள் அல்ல. இதைத் தெளிவாக்கியது அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஒப்பீடு. உயிரியல் பாடத்தில் ஒரு பிரிவுக்குத் தலைகீழ் வகுப்பு. மற்றப் பிரிவுக்குப் பாடமும் வகுப்பிலேயே, ஆனால் அதுவும் முழுக்கச் செயல்வழி. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. பயன் வந்ததற்குக் காரணம் பங்கேற்பாகவே இருக்கலாம், தலைகீழாக்கியது அல்ல என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அப்படியானால் தலைகீழாக்குவது எதற்கு? நேரத்துக்காகத்தான். விவாதமும் பயிற்சியும் வகுப்பில் நடக்க வேண்டும், பாடத்திட்டமும் முடிய வேண்டும் என்றால் எதையாவது வெளியே அனுப்பியாக வேண்டும். மாணவர் தனியாகச் சமாளிக்கக்கூடிய பகுதியை அனுப்புவதுதானே முறை?

இது புதிதும் அல்ல. சட்டக் கல்லூரியில் வழக்குத் தீர்ப்பைப் படித்துவிட்டு வராத மாணவர் வாய் திறக்க முடியாது. இசை கற்பவர் வீட்டில் சாதகம் செய்துவிட்டு வந்துதான் குருவின் முன் பாடுகிறார். அமெரிக்க ராணுவக் கல்விக்கூடமான வெஸ்ட் பாயிண்டில் 1817 முதல் 1833 வரை தலைமை வகித்த சில்வேனஸ் தேயர், மாணவர்கள் முதல் நாளே பாடத்தைப் படித்து வந்து, சிறு சிறு பிரிவுகளாகக் கரும்பலகை முன் நின்று விளக்க வேண்டும் என்று வைத்தார். 2000இல் ஒஹையோவின் மயாமி பல்கலைக்கழகத்தில் மூன்று பொருளியல் ஆசிரியர்கள் ஒளிநாடாக்களைக் கொண்டு தொடக்கநிலைப் பொருளியலைத் தலைகீழாக்கிக் கட்டுரை எழுதினார்கள். கொலராடோவின் உட்லேண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியில் ஜொனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள், விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்குப் போய் வகுப்பைத் தவறவிட்டவர்களுக்காக 2007 முதல் பாடங்களைப் பதிவு செய்ய ஆரம்பித்த பிறகுதான் இது உலகப் பேச்சானது.

அதே வெஸ்ட் பாயிண்டிலிருந்து எச்சரிக்கையும் வந்திருக்கிறது. அங்கே கணிதம், பொருளியல் பாடங்களில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2021இல் வெளியானது. கணிதத்தில் உடனடியாகக் கொஞ்சம் முன்னேற்றம். பொருளியலில் ஒன்றும் இல்லை. கணித முன்னேற்றமும் சராசரியில் நீடிக்கவில்லை. நீடித்தது வேறொன்று: மாணவர்களுக்கு இடையிலான இடைவெளி. ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள், வெள்ளையின ஆண் மாணவர்கள்தான் பலனை அள்ளிக்கொண்டார்கள். உணவும் விடுதியும் ஒழுங்கான கால அட்டவணையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி உள்ள ஒரு ராணுவக் கல்லூரியிலேயே இந்த நிலை.

யாருடைய நேரம்?

தமிழ்நாட்டுக்கு இது மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகும் செய்தி அல்ல. 2021-22க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47. அந்த எண்ணுக்குள் ஆயிரமாயிரம் முதல் பட்டதாரிகள் இருக்கிறார்கள். காலை ஷிப்ட் முடிந்ததும் ஜவுளிக்கடைக்கோ ஒர்க் ஷாப்புக்கோ வேலைக்குப் போகும் அரசுக் கலைக் கல்லூரி மாணவர், வீட்டில் ஒரே ஸ்மார்ட்போனை அண்ணன் தம்பியோடு பகிரும் மாணவி, விடிவதற்குள் கல்லூரி பஸ் பிடித்து இருட்டிய பிறகு ஊர் திரும்பும் பொறியியல் மாணவர் ஆகியோரிடம் ‘வீட்டில் பார்த்துவிட்டு வா’ என்று சொல்லும்போது எந்த வீடு, எந்த நேரம் என்று கேட்க வேண்டும். ஒரு செமஸ்டரில் ஆறு பாடம், பாடத்துக்கு வாரம் மூன்று பீரியட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆசிரியரும் பீரியடுக்கு அரை மணி நேர முன்தயாரிப்புதான் கேட்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் நியாயம். கூட்டினால் வாரத்துக்கு ஒன்பது மணி நேரம். அசைன்மென்ட்டும் ரெக்கார்டு நோட்டும் இன்டர்னல் தேர்வும் எழுதியது போக இந்த ஒன்பது மணி நேரம் யாரிடம் இருக்கிறது? விடுதியில் இருப்பவர்களிடம், வேலைக்குப் போகத் தேவையில்லாதவர்களிடம், தனி அறையும் லேப்டாப்பும் உள்ளவர்களிடம். இடைவெளி இப்படித்தான் விரியும்.

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஐந்து யூனிட், யூனிட்டுக்கு ஒன்பது பீரியட், அடியில் ‘மொத்தம் 45 பீரியட்’ என்று இருக்கும். இந்தக் கணக்கு முழுவதும் ஆசிரியர் நிற்கும் நேரத்தின் கணக்கு. மாணவர் உட்கார்ந்து படிக்கும் நேரம் இதில் எங்கும் இல்லை. 2023இல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பு, ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 30 மணி நேரக் கற்றல் என்கிறது. அப்படியானால் மூன்று கிரெடிட்டுக்கு 90 மணி நேரம். 45 போக மீதி 45 எங்கே? யாருடைய அட்டவணையிலும் அது கிடையாது.

தலைகீழ் வகுப்பை உண்மையாக நடத்த நினைக்கும் கல்லூரி முதலில் செய்ய வேண்டியது, வாரத்துக்கு ஒரு பீரியடை விரிவுரையிலிருந்து பறித்து மாணவரிடம் கொடுப்பது. சும்மா விடுவது அல்ல. கால அட்டவணையிலேயே ‘முன்வாசிப்பு’ என்று அச்சிட்டு, நூலகத்தையோ கணினி ஆய்வகத்தையோ அந்தப் பிரிவுக்கு ஒதுக்கி, அங்கே உட்கார்ந்து பார்க்கவும் படிக்கவும் வைப்பது. போன் இல்லாதவர், டேட்டா தீர்ந்தவர், மாலையில் கடைக்குப் போகிறவர் எல்லோரும் அந்த ஒரு மணி நேரத்தில் சமமாகிறார்கள். விதிமுறை இடம் தருமா? பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வெளியிட்ட கலப்புக் கற்றல் கருத்துருவே ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் வரை இணையவழி இருக்கலாம் என்றது. வாரத்தின் மூன்று பீரியடில் ஒன்று அதற்குள் அடங்கும். எல்லாப் பாடத்தையும் ஒரே செமஸ்டரில் புரட்டிப்போடுவது கொடுமை. ஆறில் இரண்டு போதும், அதிலும் எல்லா யூனிட்டும் வேண்டாம். சில யூனிட்டுகளுக்கு நல்ல விரிவுரைக்கு ஈடு கிடையாது. மேடைப் பேச்சைக் கொண்டாடும் ஊர் நம்முடையது. நன்றாகப் பேசும் ஆசிரியரை மௌனமாக்குவதற்காக யாரும் இதைச் சொல்லவில்லை.

ஒரு யூனிட், ஒரு கேள்வி

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? நிகழ்தகவும் புள்ளியியலும் என்ற பாடத்தில் பேயஸ் தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். இன்று அது நடக்கும் விதம்: தேற்றம், நிரூபணம், மூன்று இயந்திரங்கள் ஆணி தயாரிக்கும் கணக்கு, பைகளிலிருந்து பந்து எடுக்கும் கணக்கு, ‘இது போன வருஷம் கேட்டது, மார்க் பண்ணிக்கோ’. இரண்டு பீரியட் முடிந்தது. மாற்றி அமைத்தால், நிபந்தனை நிகழ்தகவு என்றால் என்ன, தேற்றத்தின் வாய்பாடு எப்படி வருகிறது என்பதை மாணவர் இரண்டு பக்கக் குறிப்பிலும் எட்டு நிமிட வீடியோவிலும் முன்வாசிப்பு நேரத்தில் பார்த்துவிடுகிறார். முடித்ததும் மூன்று கேள்விகள். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றே: எது புரியவில்லை? பதில்கள் அன்று மாலைக்குள் ஆசிரியரிடம் வந்துவிடும். அவர் அரை மணி நேரம் புரட்டினாலே, எங்கே வகுப்பு தடுமாறுகிறது என்று தெரிந்துவிடும்.

மறுநாள் வகுப்பு இப்படித் தொடங்கலாம்: ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் ஒரு நோய். அதற்கொரு பரிசோதனை, நோயாளியைத் தவறவிடாது, ஆனால் நோய் இல்லாத நூறு பேரில் ஒருவருக்கு ‘இருக்கிறது’ என்று தவறாகச் சொல்லும். உங்களுக்கு ‘இருக்கிறது’ என்று வந்துவிட்டது. உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? 99 சதவீதம், 90, 50, 9. அட்டையைத் தூக்குங்கள். பாதிக்கு மேல் 99 என்று தூக்குவார்கள் என்று தைரியமாகப் பந்தயம் கட்டலாம். பக்கத்தில் இருப்பவரோடு ஐந்து நிமிடம் சண்டை போடச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் ஆயிரம் பேரை வரிசையாக நிறுத்திப் பார்ப்பார்: நோயாளி ஒருவர், மீதி 999 பேரில் ஏறக்குறைய பத்துப் பேருக்குத் தவறான எச்சரிக்கை, ஆக, ‘இருக்கிறது’ என்று வந்த பதினோரு பேரில் ஒருவருக்குத்தான் நோய். ஒன்பது சதவீதம். அந்த இடத்தில் ஆசிரியர் வாய்பாட்டைப் பலகையில் எழுதி, அதன் ஒவ்வொரு உறுப்பும் வரிசையில் நின்றவர்களில் யாரைக் குறிக்கிறது என்று காட்டினால், தேற்றம் முதல் முறையாக எதையோ சொல்கிறது. அதற்கு மேல் நோய் நூற்றில் ஒருவருக்கு இருந்தால் என்ன ஆகும், பரிசோதனையை இரண்டாம் முறை செய்தால் என்ன ஆகும் என்று மாணவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

அந்தச் சண்டை எந்த மொழியில் நடக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். பாடநூல் ஆங்கிலம், தேர்வு ஆங்கிலம், ஆசிரியர் பாதி ஆங்கிலம். ஆனால், பக்கத்து பெஞ்சோடு வாதாடும் மாணவர் தமிழில்தான் வாதாடுவார்: ‘டேய், ஆயிரம் பேர்ல ஒருத்தனுக்குத்தாண்டா நோயே இருக்கு!’ பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து வந்து, முதல் செமஸ்டரில் வாயடைத்துப்போகும் மாணவருக்குக் கல்லூரியில் தன் மொழியில் யோசிக்கக் கிடைக்கும் முதல் அதிகாரபூர்வமான இடம் இது. வீடியோவும் அவருக்கு உதவும்; ஆசிரியரை நிறுத்தி இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்கக் கூசுபவர், திரையை நான்கு முறை பின்னோக்கி ஓட்டக் கூச மாட்டார். தமிழில் விளக்கமும் ஆங்கிலத்தில் கலைச்சொற்களுமாகப் பத்து நிமிடப் பதிவுகளைப் பாடவாரியாக ஒரு பொதுத் தொகுப்பாகச் செய்வது அரசும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனியே போனை ஸ்டாண்டில் மாட்டிப் படம் பிடிக்க வேண்டியதில்லை.

இருக்கும் பதிவுகளே ஏராளம். 2003இல் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல் பொறியியலின் ஏறக்குறைய எல்லாத் துறைகளையும் பதிவு செய்து வைத்திருக்கிறது. சிக்கல், அவற்றில் பல முழுநீள விரிவுரைகள். எட்எக்ஸ் இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வந்த ஆய்வு, நீளம் என்னவாக இருந்தாலும் மாணவர் ஊன்றிப் பார்ப்பது பெரும்பாலும் ஆறு நிமிடம்தான் என்றது. ஐம்பது நிமிட விரிவுரையை அப்படியே அனுப்புவது, வகுப்பில் தூங்கியவரை வீட்டில் தூங்கச் சொல்வதுதான். பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து பத்தொன்பதாவது நிமிடம் வரை பார்த்தால் போதும் என்று சொல்லி அனுப்பும் ஆசிரியர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

இனி, தேர்வு. எல்லா நல்லெண்ணமும் வந்து முட்டிக்கொள்ளும் சுவர் அதுதான். அண்ணா பல்கலைக்கழகக் கேள்வித்தாளில், பார்ட் ஏ-யில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்வி. பார்ட் பி-யில் ஐந்து 13 மதிப்பெண் கேள்வி. பார்ட் சி-யில் ஒன்று. முந்தைய ஐந்து வருடக் கேள்வித்தாளும் ஒரு கொஸ்டின் பேங்கும் இருந்தால், நடக்கப்போவதை மாணவர் ஏறக்குறைய கணித்துவிடலாம். இந்த நிலையில் ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்திப் பார்க்கும் வகுப்பு, புத்திசாலி மாணவருக்கே நேர விரயமாகத் தோன்றும். அவர் கணக்குப் போடுவதில் தவறில்லை. 2021 விதிமுறையில் அண்ணா பல்கலைக்கழகம் தியரி பாடங்களின் உள்மதிப்பீட்டை 20இலிருந்து 40 ஆக்கியது. அந்த நாற்பதில் ஐந்தை முன்வாசிப்புப் பதில்களுக்கு ஒதுக்கலாம். விடை சரியா தப்பா என்று பார்க்காமல், யோசித்து எழுதினாரா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் தர வேண்டும். மாசூரும் அப்படித்தான் செய்தார். சரியான விடைக்கு மதிப்பெண் என்றால் ஒரே பதில் அறுபது பேர் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும். செமஸ்டர் தேர்விலும் 13 மதிப்பெண் கேள்விகளில் ஒன்றாவது மாணவர் முன்பின் பார்த்திராத சூழலில் கேட்கப்பட வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் இதைத் தங்கள் பாடத்திட்டக் குழுவிலேயே முடிவுசெய்துகொள்ளலாம். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இணைப்புக் கல்லூரிகளின் கேள்வித்தாள் வேறெங்கோ தயாராகிறது. அங்கே ஆசிரியர் ஒருவர் தனியாக மாறிக்கொண்டால், தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் சொல்ல ஹெச்ஓடி முன் நிற்கப்போவதும் அவர்தான்.

மாணவர்களும் புகார் செய்வார்கள், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். ‘சார் நடத்தவே மாட்டேங்கிறார், எங்களையே படிக்கச் சொல்றார்’ என்ற புகார் முதல் மாதத்திலேயே முதல்வர் அறைக்குப் போய்விடும். இது நம் ஊர் மாணவர்களின் சோம்பல் அல்ல. ஹார்வர்டிலேயே 2019இல் வெளியான ஓர் ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்த மாணவர்கள் அதிகம் கற்றிருந்ததைத் தேர்வு காட்டியது. ஆனால், தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிவதுபோல் இருக்கும். தானே மல்லுக்கட்டும்போது ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும். மாணவர் கருத்துப் படிவத்தை வைத்தே ஆசிரியரை எடைபோடும் கல்லூரிகளில் இந்த உணர்வு வேலைக்கே உலை வைக்கும். அதனால் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். நிர்வாகமும் முதல் இரண்டு செமஸ்டருக்கு அந்தப் படிவத்தை ஆசிரியருக்கு எதிராகப் பயன்படுத்துவதில்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ஆசிரியரின் நேரத்தையும் யாராவது எண்ண வேண்டும். மானியக் குழுவின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். அறுபது மாணவர்களின் முன்வாசிப்புப் பதில்களைப் படிப்பதும், அதற்கேற்ப நாளைய கேள்வியை மாற்றி எழுதுவதும் அதில் சேராது. நல்ல ஒரு வாக்கெடுப்புக் கேள்வியை உருவாக்குவது ஒரு விரிவுரையைத் தயாரிப்பதைவிடக் கடினம். தவறான விடைகள் உண்மையான மாணவர்கள் உண்மையில் செய்யும் தவறுகளாக இருக்க வேண்டும். அரசுக் கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளர்களிடமும், தனியார் கல்லூரிகளில் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்யும் இளம் ஆசிரியர்களிடமும் இதைச் சும்மா கேட்க முடியாது. மாணவருக்கு முன்வாசிப்பாகக் கொடுத்த அந்த ஒரு பீரியடை ஆசிரியரின் பணிக்கணக்கிலும் கற்பித்தலாகவே எழுத வேண்டும். நிர்வாகம் அதைக் ‘காலி பீரியட்’ என்று பார்த்து, பதிலுக்கு இன்னொரு பிரிவைத் தலையில் கட்டினால், அடுத்த செமஸ்டரிலேயே யூடியூப் இணைப்பும் இரண்டு புகைப்படமும் திரும்பி வந்துவிடும்.